வாவிக் கரையிலே ஒரு முகம்

மட்டக்களப்புக்கு வரும் விருந்தினரை நாம் முதலில் அழைத்துச் செல்லும் இடம் கல்லடிப் பாலம். அங்கே சென்றதும் அவர்கள் முதலிற் செய்யும் காரியம் படம் எடுத்துக்கொள்வது. 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலம் ஒருபுறம், 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலம் மறுபுறம். கீழே வாவி, அதன்மேல் தோணி, கரையிலே தென்னை, மேலே பொன்னைக் கரைத்து ஊற்றியது போன்ற மாலை வானம். இத்தனைக்கும் நடுவே பெரியப்பா, பெரியம்மா, பிள்ளைகள் மூவர். வீடு திரும்பிப் படத்தைப் பார்த்தால் வாவி நன்றாக விழுந்திருக்கும்; வானம் அதனினும் நன்றாக விழுந்திருக்கும். பெரியம்மாவை மட்டும் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கும்.

கமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் ஒருவரைப் பார்க்கும்போது நம் கண்ணோடு மனமும் சேர்ந்து பார்க்கிறது. வேண்டிய முகத்தை அது பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடுகிறது. கமராவுக்கு உற்றார் உறவினர் இல்லை. பெரியம்மாவும், அவருக்குப் பின்னால் நிற்கும் மின்கம்பமும் அதற்கு ஒரே மதிப்புடையவை. எனவே மனம் செய்யும் அந்தத் தேர்வைப் படம் எடுப்பவரே முன்கூட்டிச் செய்து கொடுக்கவேண்டும்.

வெறுஞ்சுவர் முன்னே ஒருவரை நிறுத்திப் படம் எடுத்தால் அவர் தாமாகவே எடுப்பாகத் தெரிவார். போட்டிக்கு வேறொன்றும் இல்லை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குப் பரந்து கிடக்கும் நம் வாவியின் முன் நிறுத்தினாலோ, அழகும் அழகும் மல்லுக்கு நிற்கின்றன. அதற்காக வாவியைப் படத்திலிருந்து துரத்திவிட வேண்டுமா? வேண்டியதில்லை. அது அடங்கியிருந்து ஆளுக்குத் துணைநிற்கச் செய்தால் போதும்.

தமிழ் படித்த மாணவருக்கு இது புதிய செய்தியன்று. தொல்காப்பிய அகத்திணையியல் பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கின்றது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் மீனும் பறவையும் கருப்பொருள். மாந்தரின் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். முதலினும் கரு சிறந்தது, கருவினும் உரி சிறந்தது என்பர் உரைகாரர். நெய்தற் பாட்டில் கடலும் கழியும் கண்டலும் எவ்வளவு விரிந்து கிடந்தாலும், அத்தனையும் கரையிலே காத்திருக்கும் ஒருத்தியின் நெஞ்சைக் காட்டவே வந்தவை. வாவிக் கரையில் எடுக்கும் படத்துக்கும் இதைவிடச் சிறந்த இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

களுத்துறையில் ஒரு நண்பகல்

இந்த இலக்கணத்தை மீறினால் பெரியோரும் இடறுவர் என்பதற்கு இந்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

ஜூலியா மார்கரெட் கமரன் என்ற அம்மையார் 1815இல் கல்கத்தாவிற் பிறந்தவர். 1863ஆம் ஆண்டு இறுதியில், தமது 48ஆவது வயதில், மகள் பரிசளித்த கமராவைக் கொண்டு படம்பிடிக்கத் தொடங்கினார். இங்கிலாந்தின் வைற் தீவிலே, கோழிக்கூடாக இருந்த ஒன்றைக் கண்ணாடி வேய்ந்த படப்பிடிப்புக் கூடமாக மாற்றிக்கொண்டு, கவிஞர் டெனிசன் போன்றோரின் முகங்களை எடுத்தார். அவற்றிலே பின்னணி பெரும்பாலும் இருள்தான். ஒருபுறத்திலிருந்து வரும் ஒளி நெற்றியையும் கன்னத்தையும் தடவிச் செல்ல, முகம் இருளைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். ஒளிப்பட வரலாற்றில் அவருக்கு நிலையான இடம் தேடித் தந்தவை அப்படங்களே.

1875இல் அவர் கணவருடன் இலங்கைக்குக் குடிவந்தார். 1877ஆம் ஆண்டளவில் மரியான் நோர்த் என்னும் ஆங்கில ஓவியர் களுத்துறையில் இருந்த அவர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார். உலகமெங்குஞ் சென்று தாவரங்களை ஓவியமாகத் தீட்டியவர் அவர். அவருடைய ஓவியக் கூடம் இலண்டன் கியூ தோட்டத்தில் இன்றும் உள்ளது. விருந்தாளியைக் கண்டதும் கமரன் அம்மையாருக்குக் கை துருதுருத்தது. நோர்த்தின் கூந்தலை அவிழ்த்துவிட்டு, கம்பளித் துணியைப் போர்த்தி, தென்னோலைகளுக்கு முன்னே நண்பகல் வெயிலில் நிறுத்தினார். ஓலை முனைகள் தலையிற் பாய்வது போல் நின்றன. காற்றில் அவை அசையுந்தோறும் வெயில் கண்ணிலே குத்தியது. வெப்பமோ 96 பாகை பரனைற். இவ்வளவுக்கும் நடுவில் இயல்பாக இருக்கும்படி கட்டளை வேறு! இத்தனை பாடுபட்டும் கண்ணாடித் தகட்டில் விழுந்தது சுவையற்ற ஒரு சாதாரண முகமே என்று நோர்த் தம் நினைவு நூலில் சிரித்துக்கொண்டே எழுதிவைத்தார்.

எத்துணை கைதேர்ந்தவராயினும் உச்சி வெயிலையும் ஓலைக் கீற்றையும் வெல்ல முடியாது. அதே களுத்துறை வீட்டில், விறாந்தையில் நின்று ஓவியம் தீட்டும் நோர்த்தைக் கமரன் எடுத்த படமொன்றும் இருக்கிறது. அங்கே அவர் அமைதியாகத் தம் தொழிலைச் செய்துகொண்டிருக்கிறார். பார்ப்பவர் கண் நேரே அவரிடம் செல்கிறது. நம் வீட்டு விறாந்தையின் அருமையை நாம் உணர்வதில்லை. கூரை மேலொளியைத் தடுக்கும். திறந்த பக்கத்திலிருந்து மெல்லொளி முகத்தில் விழும். வெளியே வாவியும் தெரியும். காசு கொடுத்து வாங்கும் விளக்குகளுக்கு அது குறைந்ததன்று.

இருபுறமும் நீர், இருபொழுதும் ஒளி

வெளியிலே எடுப்பதானால் நம் ஊரின் கிடக்கையே நமக்கு உதவுகிறது. கல்லடி, நாவலடிப் பக்கம் ஒரு நீண்ட மணற்பட்டி. அதற்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. காலையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. அப்போது கல்லடிப் பக்கத்து வாவிக் கரையில் ஒருவரை நீருக்கு முதுகு காட்டி நிறுத்தினால், இளவெயில் அவர் முகத்தில் விழும்; பின்னால் வாவி நீலமாகத் தெரியும். மாலையில் இது மாறும். நகரப் பக்கத்துக் கரையில் கிழக்கே வாவியைப் பின்னணியாக வைத்து நிறுத்தவேண்டும். கல்லடிப் பக்கத்திலிருந்தே மாலையில் எடுத்தால் சூரியன் ஆளுக்குப் பின்னே போய்விடும். அவர் முகம் இருண்ட நிழலுருவாகும்.

நிழலுருவும் அழகுதான். வலை வீசும் மீனவரை அப்படி எடுத்தால் கண்ணுக்கு விருந்து. ஆனால் அது மீனவரின் உருவமே ஒழிய, இன்னார் என்று பெயர் சொல்லி அழைக்கக்கூடிய முகம் ஆகாது.

நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள். நம் ஊரில் ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் செப்டெம்பர் முதல் வாரத்தை ஒட்டியும் சூரியன் நடுவுச்சிக்கு நேரே வருகிறது. சித்திரைப் புத்தாண்டுக்குப் புத்தாடை உடுத்து, நண்பகலிலே வெளியில் நின்று எடுத்துக்கொள்ளும் குடும்பப் படங்களில் எல்லாருடைய கண்களும் இரு கருங்குழிகளாக இருப்பது இதனாலேயே. மாரிகாலத்து முகிலோ வேறு வகை. வானம் முழுவதும் விரித்த வெள்ளை வேட்டி போல் நின்று ஒளியை வடிகட்டித் தருகிறது. மழை விட்ட வேளையில் எடுத்த முகங்கள் மிக மென்மையாக வரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தலைமயிரையும் சேலைத் தலைப்பையும் காற்றுக்கு எதிர்முகமாக வைக்கவேண்டும். இல்லையேல் முகத்தை மயிரே மறைத்துவிடும்.

வெயில் ஒரு பக்கமாக விழுந்து மறுகன்னம் இருண்டு போனால், அந்தப் பக்கத்தில் ஒருவர் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் போதும். ஒளி திரும்பி வந்து இருளை நிரப்பும். கல்லடிக் கடற்கரை மணலும் இதே வேலையைக் கீழிருந்து செய்கிறது.

கழுத்தை வெட்டும் கோடு

வாவிப் படங்களிலே மிகுதியாகக் காணப்படும் குறை ஒன்றுண்டு. நீரும் வானமும், அல்லது நீரும் எதிர்க்கரையும் சந்திக்கும் கோடு, நிற்பவரின் கழுத்தினூடே அல்லது கண்ணினூடே போகும். கழுத்தில் கயிறு கட்டியது போலிருக்கும். இது தற்செயலாக நேர்வதென்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. சமதரையில் நின்று கமராவை நேராகப் பிடித்தால், அடிவானம் எப்போதும் வில்லையின் உயரத்திலேயே விழும். எடுப்பவரும் நிற்பவரும் ஒரே உயரமாக இருந்து, கமராவைக் கண்ணருகே வைத்தால், அடிவானம் நிற்பவரின் கண்ணினூடே போகாமல் வேறெங்கே போகும்?

பழைய குடும்ப ஆல்பம் வைத்திருப்போர் எடுத்துப் பாருங்கள். றோலிபிளெக்ஸ் போன்ற இரட்டை வில்லைக் கமராக்களில் மேலிருந்து குனிந்து பார்க்கவேண்டும். ஆகவே அவற்றை வயிற்றருகே பிடிப்பர். அடிவானம் இடுப்பளவில் நின்றது. தலையும் தோளும் வெறும் வானத்தில் நிமிர்ந்து நின்றன. பாட்டனார் அப்படங்களிலே கம்பீரமாகத் தெரிவதற்கு அவருடைய மீசை மட்டும் காரணமன்று!

இன்று கைத்தொலைபேசியையும் இடுப்பளவுக்குத் தாழ்த்திப் பிடிக்கலாம். ஒரு முழங்காலை மடித்து அமரலாம். அல்லது மாறாக, படித்துறையிலோ பாலத்திலோ உயரே நின்று எடுத்தால் அடிவானம் தலைக்கு மேலே போய்விடும். முகத்துக்குப் பின்னால் நீர் மட்டுமே இருக்கும். அசையாத வாவி நீரைவிட அமைதியான திரை வேறு ஏது?

கோட்டைப் பார்த்த கண்ணாலேயே தலைக்குப் பின்னால் முளைக்கும் பொருள்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உச்சந்தலையிலிருந்து கிளம்பும் தென்னை, காதிலிருந்து புறப்படும் பாலத்து இரும்புச் சட்டம் ஆகியவை நேரிலே பார்க்கும்போது தெரிவதில்லை. படத்திலே வந்து சிரிக்கின்றன. எடுப்பவர் ஓரடி இடமோ வலமோ நகர்ந்தால் மறைந்துவிடும்.

முன்னாளில் ஸ்டூடியோக்களில் ஏரியும் அன்னமும் தோட்டமும் எழுதிய திரைகள் தொங்கின. ஊரெல்லாம் நீர் இருக்க, துணியில் எழுதிய நீரின் முன் நிற்பானேன் என்று இன்றைய பிள்ளைகள் நகைக்கிறார்கள். அந்தத் திரைகளை உற்றுப் பார்த்தால், ஏரி வெளிறி மங்கலாகவே தீட்டப்பட்டிருக்கும். முன்னிற்கும் மனிதரை மிஞ்சாத ஏரியையே திரை எழுதியவர் எழுதினார். 1503ஆம் ஆண்டளவில் தொடங்கிய மோனா லிசா ஓவியத்திலும் லியனார்டோ டா வின்சி இதனையே செய்தார். அப்பெண்ணின் கரிய ஆடைக்கும் கூந்தலுக்கும் பின்னே மலையும் நீரும் தொலைவில் நீலம் பாரித்து மங்குகின்றன. விடியற்காலையில் நம் வாவிமீது பனிமூட்டம் தவழும் சிறு பொழுதில், எதிர்க்கரையை இயற்கையே அவ்வாறு தீட்டிவைக்கிறது.

மங்கச் செய்தலும் மறையச் செய்தலும்

வில்லையைக் கொண்டும் பின்னணியை மங்கச் செய்யலாம். 35 மில்லிமீற்றர் பிலிம் கமராவில் 50 மில்லிமீற்றர் குவியத்தூர வில்லையை வைத்து, இரண்டு மீற்றர் தொலைவில் நிற்பவரை எடுப்பதாகக் கொள்வோம். துவார எண் 8 ஆனால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 78 சென்ரிமீற்றர். எண்ணை 1.8 ஆக்கித் துவாரத்தை அகல விரித்தால் அது ஏறத்தாழ 17 சென்ரிமீற்றராகக் குறுகும். மூக்கிலிருந்து காது வரை தெளிவு, அதற்கப்பால் எல்லாம் பஞ்சுபோல் மெத்தென்றாகும். ஆள் பின்னணியை ஒட்டி நிற்காமல், கண்டல் மரங்களிலிருந்து நாலைந்து மீற்றர் முன்னே வந்து நிற்பதும் இதற்கு உதவும்.

கைத்தொலைபேசியின் வில்லை மிகச் சிறியது. இத்தகைய மங்கல் இயல்பாக அதில் வராது. எனவே 2016இல் ஐபோன் 7 பிளஸ் கணிப்பினால் பின்னணியை மங்கலாக்கிக் காட்டியது; இன்று பெரும்பாலான கருவிகளில் அவ்வசதி உண்டு. அவசரத்துக்கு நன்று. ஆயினும் மயிரிழைகளையும் மூக்குக்கண்ணாடி விளிம்பையும் அது சில வேளைகளில் வெட்டிக் கொத்திவிடுகிறது. வாவியையும் வானத்தையும் ஒரே குழம்பாக்கிவிட்டால், அந்தப் படம் மட்டக்களப்பில் எடுத்ததா, மாடிச் சுவரின் முன் எடுத்ததா என்று யார் சொல்வது? மங்கலைக் குறைத்து வைக்கும் வழி அக்கருவிகளிலேயே இருக்கிறது. தோணி தோணியென்று தெரியும் அளவோடு நிறுத்துவதே என் விருப்பம்.

இன்னொன்று: கையெட்டும் தூரத்தில் முகத்தருகே பிடித்தால் மூக்குப் பெருத்துக் காது சிறுக்கும். இரண்டு மீற்றர் பின்வாங்கி, கருவியின் இருமடங்கு உருப்பெருக்கத்தைப் பயன்படுத்துவது நல்லது.

நம் நிறமும் கமராவும்

இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டியுள்ளது. கமராவின் ஒளிமானி தன் முன்னுள்ளவற்றை எல்லாம் சேர்த்து, இடைத்தரமான சாம்பல் நிறமாகக் கணக்கிட முயல்வது. பின்னால் வாவி பளபளவென்று மின்னினால், ஒளி கூடிவிட்டதென்று எண்ணி அது குறைத்துவிடுகிறது. நம் கறுத்த, மாநிற முகங்கள் அப்போது மேலும் இருண்டு உருத்தெரியாமல் போகின்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே வண்ணப் பிலிம்களையும் அச்சுக்களையும் சரிபார்ப்பதற்கு வழங்கிய அளவுச் சீட்டுகளில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அச்சீட்டுக்கு ‘ஷேர்லி’ என்றே பெயர் வழங்கிற்று. நம்மை மனத்திற் கொண்டு அக்கருவிகள் அமைக்கப்படவில்லை.

இதற்கு முகத்தில் பவுடரை அப்புவதும், பின்னர் கணினியில் தோலை வெளுப்பதும் வழியாகா. திருமணப் படங்களில் மணப்பெண்ணின் முகம் ஒரு நிறம், கை ஒரு நிறமாக இருப்பது காணப் பொறுக்கவில்லை. திரையிலே முகத்தைத் தொட்டு ஒளியை ஒரு படி கூட்டினால் முகம் தன் நிறத்திலேயே தெளிந்து வரும். வாவி சற்று வெளிறும், வெளிறட்டும். கொழும்பில் வாழ்ந்த லயனல் வென்ற் (1900–1944) எடுத்த படங்களைப் பாருங்கள். இந்நாட்டு மக்களின் கரிய மேனியில் ஒளி எண்ணெய் போல் வழிந்தோடுவதை அவர் காட்டினார். கறுப்பு நிறத்துக்கு ஒளி குறைவென்று எவராவது சொன்னால் அப்படங்களே விடை.

உடையைப் பற்றி ஒரு சொல் போதும். கரிய கூந்தலைக் கரும்பச்சைக் கண்டல்களின் முன் வைத்தால் தலை காட்டோடு கலந்துவிடும். நீரோ வானமோ பின்னிருக்கட்டும். மஞ்சள், சிவப்புச் சேலைகள் நீலத்துக்கும் பச்சைக்கும் முன்னே தாமாக எழுந்து நிற்கும்.

உழுந்தளவு முகம்

இவ்வளவு நுணுக்கம் ஒரு சுற்றுலாப் படத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் பகுதி 1978 நவம்பர் 23ஆம் நாள் சூறாவளியைக் கண்டது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி நாவலடியையும் கல்லடியையும் வாரிச் சென்றதைக் கண்டது. வீடுகளோடு படப்பெட்டிகளும் போயின. இடையிலே நீண்ட போர்க்காலம் ஒன்றும் இருந்தது. காணாமற் போன மகனின் படத்தை மார்போடு அணைத்து நிற்கும் தாய்மாரை நாம் அறிவோம். போனவரை மாலையிட்டுக் கும்பிடுவதற்கு ஒரு முகம் தேடும்போது, எவரோ உறவினர் வீட்டில் எஞ்சிய உல்லாசப் பயணப் படமே கைக்குக் கிடைக்கிறது. அதிலே வாவி இருக்கும், பாலம் இருக்கும். வேண்டியவர் ஒரு மூலையில் விரலளவு நிற்பார்.

அந்தச் சிறு உருவைப் பெரிதாக்க முடியாதா என்று ஸ்டூடியோக்காரரைக் கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். 4000க்கு 3000 புள்ளிகள் கொண்ட படமொன்றைக் குறுக்காக எடுக்கிறோம். ஆள் படத்தின் உயரத்திற் பத்தில் ஒரு பங்கு என்றால், அவர் 300 புள்ளி உயரம். மனிதர் தலை உடலில் ஏழு அல்லது எட்டில் ஒரு பங்கு. ஆக முகம் 40 புள்ளி. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அந்த முகம் தெளிவாக அச்சாகக்கூடிய அளவு ஓர் உழுந்து மணியின் அளவே. அதற்கு மேல் இழுத்தால் மூக்கும் வாயும் கணினியின் கற்பனையாகிவிடும். அதே கமராவை நெடுக்காகப் பிடித்து, இடுப்பு முதல் உச்சி வரை நிறைய எடுத்தால், முகத்துக்கே ஏறத்தாழ ஆயிரம் புள்ளி கிடைக்கும். தோளுக்கு இருமருங்கும் வாவி தெரியத் தடையில்லை.

ஆகவே கல்லடிக்குச் செல்லும்போது ஒவ்வொருவருக்கும் இரண்டு படம் எடுங்கள்: ஊர் தெரிய ஒன்று, முகம் தெரிய ஒன்று. வட்ஸ்அப்பில் அனுப்பும் பிரதி சுருங்கிவிடுவதால் மூலப் படத்தைத் தனியே பேணுங்கள். ஒன்றையாவது அச்சிட்டுப் பின்புறத்தில் பென்சிலாற் பெயரும் நாளும் எழுதி, ஊரில் ஒரு பிரதியும் தொலைவிலுள்ள உறவினரிடம் ஒரு பிரதியுமாக வையுங்கள். சூரியன் நம் ஊரில் நவம்பரில் 5.40 மணியளவிலும் ஜூலையில் 6.25 மணியளவிலும் மறைகிறது. மெல்லிய ஒளி அதற்கு முந்திய ஒரு மணி நேரமே. பெரியம்மா சேலை மாற்றிப் புறப்பட எடுக்கும் நேரத்தையும் அதிற் கழித்துக்கொள்ளுங்கள்.